எதிர்வீட்டுப் பத்தொன்பது ஜன்னல்கள்

என் அத்தை ஒரு வருஷமாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்க மாட்டாள். டீயை ஆற்றிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டு, “அந்த மனுஷன் என்னை ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா?” என்பாள்.

“பார்க்காமலா முப்பத்தஞ்சு வருஷம் ஒரே வீட்டுல இருந்தீங்க?” என்று மழுப்புவேன்.

“பீரோகூடத்தான் இருந்துச்சு. அதையா பார்த்தாரு?” என்பாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருஷமாக அதை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் அத்தையின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதில் நான் நல்லவள் வேஷம் போடப்போவதில்லை. அந்த வேஷம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தவில்லை.

எங்கள் தெருவின் ஒரு பக்கம் மருந்துக்கடை, அதற்கு மேலே எங்கள் வீடு. எதிர்ப்பக்கம் கண்ணாடிக்கடை, அதற்கு மேலே கடைக்காரர் வீடு. இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு எட்டு. என் சின்னக் காலால் எண்ணியது. இப்போது பதினாறுதான் வருகிறது. என் அப்பா மருந்துக்கடைக்காரர். அத்தை அவருக்குப் பத்து வயது இளைய தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளுக்கு எல்லாமே அண்ணன்தான்.

எதிர்க் கண்ணாடிக்கடை என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. தாத்தா ஒருநாள் பஸ் நிலையத்துக்குக் கண்ணாடி மாட்டப் போனவர், ஒரு சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார். உடைந்து கிடந்த சில்லுகளை அவன் வெறுங்கையால் பொறுக்கிக்கொண்டிருந்தானாம். கையில் ஒரு கீறல்கூட இல்லையாம். “கண்ணாடியே இவனைப் பார்த்துப் பயப்படுது” என்று சொல்லித் தாத்தா அவனைக் கடையிலேயே வைத்துக்கொண்டார். யார் பிள்ளை, எந்த ஊர், எதுவும் அவன் சொல்லவில்லை. கல்லுளிமங்கன். கண்ணாடி அறுக்கும் கருவியின் முனையில் ஒரு துளி வைரம் இருக்கும். அதைக் கையைவிட்டு வைக்கவே மாட்டான் என்பதால் எல்லோரும் அவனை வைரம் என்றே கூப்பிட்டார்கள். பிற்பாடு எனக்கு மாமா முறை ஆன மனிதர் அவர்தான். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

வைரமும் என் அம்மாவும் ஒன்றாக வளர்ந்தார்கள். அவன் அறுப்பான், இவள் மக்கு பிசைவாள். மக்கு என்பது சுண்ணாம்புத் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டு மாவு போலப் பிசைவது. கண்ணாடியைச் சட்டத்தில் உட்காரவைத்து, சின்ன ஆணிகள் அடித்து, ஓரம் முழுக்க அதைப் பூசுவார்கள். சில நாள் வரை மெழுகு மாதிரி அமுங்கும். அப்புறம் கல்தான். வைரம் ஒரு ஜன்னலைப் பூசி முடித்ததும் அம்மா கீழ் மூலையில் தன் கட்டை விரலை ஒரு அழுத்து அழுத்துவாள். “இது நம்ம ஜன்னல்” என்பாள். தாத்தாவுக்குக் கோபம் வரும். “காசு குடுத்தவன் வீட்டு ஜன்னல்ல உன் விரல் எதுக்குடி?” என்று மக்குக் கத்தியால் வழித்துச் சமன் செய்துவிடுவார்.

எங்கள் வீட்டைக் கட்டியபோது தெருப்பக்கம் பத்தொன்பது ஜன்னல்கள் வைத்தார்கள். என் இன்னொரு தாத்தாவுக்குக் கொஞ்சம் பெருமை ஜாஸ்தி. பத்தொன்பதுக்கும் கண்ணாடி போட்டது வைரமும் அம்மாவும்தான். அவனுக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதினேழு. அவள் பத்தொன்பதிலும் விரல் வைத்தாள். தாத்தா பின்னாலேயே வந்து பத்தொன்பதையும் வழித்தார். அதோடு கதை முடிந்தது என்றுதான் வைரம் நினைத்தான்.

அப்புறம் அம்மா மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். ஊரே மூக்கில் விரலை வைத்தது. நடந்தது ரொம்பச் சாதாரணம். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்து எதிர்க்கடைக்கு ஓடிவந்தாள். அப்பா கட்டுப் போட்டார். மூன்று நாளில் ஆற வேண்டிய காயத்துக்குப் பதினைந்து நாள் கட்டு மாற்றினார். பதினாறாம் நாள் பெண் கேட்டார். தாத்தா சரி என்றார், அம்மாவும் சரி என்றாள்.

“ஏன் அண்ணி?” என்று அத்தை பின்னொரு நாள் கேட்டிருக்கிறாள்.

“வைரம் பக்கத்துல இருந்தா வேற எதுவுமே கண்ணுக்குத் தெரியாது பாப்பா. சோறு தண்ணி, அப்பா, தெரு, ஒண்ணுமே. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்க அண்ணன்கூட இருந்தா நான் வெயிலு மழையெல்லாம் பார்க்கறேன்” என்றாளாம் அம்மா.

கல்யாணப் பேச்சு காதில் விழுந்தபோது வைரம் மேஜையில் ஒரு கண்ணாடியை அறுத்துக்கொண்டிருந்தான். வைர முனையால் கீறிக்கொண்டிருந்த கோட்டில் பாதியிலேயே கையை எடுத்துவிட்டு வெளியே போனவன் நாலு வருஷம் வரவில்லை. ஏதோ கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தானாம். திரும்பி வரும்போது தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. கடை வைரத்தின் கைக்கு வந்தது. பாதிக் கோடு போட்ட அந்தக் கண்ணாடி அப்படியே சுவரில் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. கோட்டை ஒரே தடவைதான் இழுக்க வேண்டும். போட்ட கோட்டின் மேல் இன்னொரு தடவை போனால் வைர முனையும் கெடும், கண்ணாடியும் தாறுமாறாகப் போகும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வைரம் வந்ததும் வராததுமாக அதை மேஜையில் போட்டு, பழைய கோட்டின் மேலேயே மறுபடி இழுத்தாராம். சுக்குநூறாகப் போயிற்று. அவரே துடைப்பம் எடுத்துப் பெருக்கினார். அன்றைக்கே தாத்தா பயந்திருக்க வேண்டும்.

அப்போது அத்தைக்கு இருபது வயது. மருந்துக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுப்பாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். டாக்டர்களே தாங்கள் எழுதியது என்ன என்று ஆள் அனுப்பிக் கேட்பார்களாம். அப்பேர்ப்பட்டவளுக்கு எதிரே நின்ற ஒரு மனிதனைப் படிக்கத் தெரியவில்லை. வைரம் தினமும் வந்து விரலுக்குப் பிளாஸ்திரி வாங்கினார். கண்ணாடியே பயப்படுகிற கைக்குப் பிளாஸ்திரி எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தாளாம், தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று பூரித்துப்போனாளாம். “முட்டாள் சந்தோஷம்டி அது. ஆனா சந்தோஷம்தான்” என்று இப்போதும் சொல்வாள்.

அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அவன் உன்னைப் பார்க்க வரலை பாப்பா. இந்த வீட்டைக் கொளுத்த ஒரு வழி தேடி வரான்” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“உங்களுக்குப் பொறாமை அண்ணி” என்றாள் அத்தை.

அப்பா தாம்தூம் என்று குதித்தார். வைரத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அத்தை தலைகீழாக நின்று சாதித்தாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பெட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனாள். “போனவ போனவதான்” என்றார் அப்பா. எதிர்வீட்டில் வைரமும் முதல் வேலையாக, “அந்த வாசப்படி ஏறினா இங்க திரும்பி வரவேண்டாம்” என்றார். ரெண்டு ஆம்பிளைகளும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே வார்த்தை. நடுவில் இருபத்திரண்டு எட்டு அப்படியே நின்றுவிட்டது.

அதே நாள் மாலை வைரம் மாடி முன்னறைச் சுவரை இடித்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிராக. ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். புதுப்பெண் பிடித்தாள். விளிம்பு கட்டை விரலில் குறுக்காக இறங்கிவிட்டது.

“கண்ணாடியில ரத்தம் படாம பாத்துக்கோ” என்றார்.

அத்தை தானே புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. விரலின் உள்பக்கத்தில் சாய்வாக, நுனியிலிருந்து கணு வரை.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வைரம் ஒரு பிரம்பு நாற்காலி போட்டார். கடை மூடியதும் அதில் வந்து உட்கார்வார். எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் அம்மா வருவதும் போவதும் தெரியும். அத்தை டீ கொண்டுவந்து பக்கத்து முக்காலியில் வைப்பாள். அவர் கை நீளும், டம்ளரை எடுக்கும். முகம் திரும்பாது. அத்தை அவர் பின்னந்தலையோடு குடும்பம் நடத்தினாள். பிள்ளை குட்டி கிடையாது. அடித்தாரா என்று கேட்டால் இல்லை. திட்டினாரா, அதுவும் இல்லை. “அடிச்சிருந்தா நான் இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்” என்று அத்தை ஒருதரம் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு ஆறு வயதில் அம்மா காய்ச்சலில் போனாள். அத்தை படியிறங்கி ஓடிவந்து நடுத்தெருவில் நின்றதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அங்கேயே நின்றாள். அப்பா வா என்று சொல்லவில்லை. மேலே கண்ணாடிக்குப் பின்னால் வைரம் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அத்தை திரும்பிப் போனாள். எதிர்க்கடையில் அன்று பொழுது சாயும் வரை கண்ணாடி அறுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பெட்டிக் கண்ணாடி முழுவதையும் ஒன்றுக்கும் உதவாத விரலளவுத் துண்டுகளாக அறுத்துத் தள்ளினாராம். அத்தைதான் அள்ளிக் கொட்டினாள்.

அம்மா போனாலும் அவருடைய வன்மம் போகவில்லை. யார்மேல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுக்குக் கண்ணாடி கிடையாது என்று சொல்லிவிட்டார். ஊரில் அவர் ஒருவர்தான் மொத்த வியாபாரக் கண்ணாடிக்காரர். மற்ற வேலையாட்கள் அவரிடம்தான் வாங்க வேண்டும். ஒரு பந்து பட்டு, ஒரு காற்றில் அடித்து, ஒவ்வொரு ஜன்னலாக உடைந்தது. உடைந்தது உடைந்தபடியே இருந்தது. அப்பா பக்கத்து ஊருக்குப் போய் வாங்கியிருக்கலாம். ஒரு மணி நேரப் பயணம். வீம்பு விடவில்லை. மருந்து வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ஜன்னலில் வைத்தார். எங்கள் வீடு தெரு முழுவதற்கும் இருமல் மருந்து விளம்பரம் செய்துகொண்டு நின்றது. பள்ளிக்கூடத்தில் என்னை ‘இருமல்’ என்றே கூப்பிட்டார்கள். அப்பா சாகும்போது பத்தொன்பதில் பதினொன்று அட்டை. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு அவர் பேப்பர் படிப்பார்.

எனக்கு அத்தை என்றால் கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற ஒரு முகம். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது நிற்கும், திரும்பி வரும்போதும் நிற்கும். நான் வளர்ந்து ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்குப் போனேன். அங்கேயும் கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்தேன். சிரிப்பாக இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு நெஞ்சு அடைத்த மத்தியானம் நான் வேலையில் இருந்தேன். கடைப் பையன் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறான். வந்தாளாம். நடுத்தெரு வரை வந்தாளாம். பழைய இடத்திலேயே நின்றாளாம். அப்பா உள்ளே தனியாகப் போய்விட்டார்.

அதை நான் மன்னிக்கவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயரில் இருந்தது. பாகம் பிரித்தபோது தெருப்பக்கம் முழுவதும் அத்தைக்கு, பின்பக்கம் எனக்கு. வைரம் நீட்டிய காகிதத்தில் அத்தை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணாடிக் கிடங்கு ஆக்கப்போவதாகச் சொன்னார். பத்தொன்பது ஜன்னல்களையும் பிடுங்கிவிட்டுச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். கிடங்குக்குச் சுவர்தான் வேண்டும், ஜன்னல் எதற்கு என்றார். அவருக்குக் கிடங்கு தேவையே இல்லை. தன்னிடமிருந்து என் அம்மாவைப் பிடுங்கிக்கொண்ட வீட்டின் கண்ணைப் பிடுங்க வேண்டும், வேறென்ன.

ஆட்கள் காலையில் ஏறினார்கள். உளியும் கடப்பாரையுமாகப் போட்டுத் தள்ளினார்கள். சட்டம், கண்ணாடி, அட்டை, காய்ந்த மக்கு எல்லாம் தெருவில் விழுந்தன. வைரம் தன் கடை வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். மத்தியானத்துக்குள் பத்தொன்பதும் இறங்கிவிட்டது. ஆட்கள் கிளம்பினார்கள். அப்போது அவர் துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார். எவ்வளவு பெரிய கண்ணாடிக்காரன் ஆனாலும் தெருவில் சில்லை விட்டுவிட்டுப் போக மாட்டான். யார் காலிலோ ஏறிவிடும். பெருக்குகிற வேலையை வேறு ஆளிடம் விடவும் மாட்டான். தாத்தா பழக்கியது.

நான் வாசலில் நின்றிருந்தேன். குனிந்து பெருக்கியவர் ஒரு மக்குத் துண்டைக் கையில் எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். அப்படியே குப்பையில் உட்கார்ந்துவிட்டார். அரை விரல், கால் விரல், நகத்தின் ஓரம் மட்டும். ஒரு பெண்ணின் சின்னக் கட்டை விரல், பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில், உடைந்து உடைந்து. முழுசாக ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான், பிற்பாடு அத்தை சொன்னது. தாத்தா வழித்துவிட்டுப் போன மறுநாள் அம்மா கண்ணாடி துடைக்கத் தனியாக வந்திருக்கிறாள். மக்கு இன்னும் ஈரம். பத்தொன்பதிலும் மறுபடி விரலை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வைரத்திடம் சொல்லவில்லை. ஒருநாள் அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருப்பாள். அப்புறம் கட்டை விரல் வைத்து விளையாடிய காலம் மாறிப்போயிற்று. அவர் அந்த வீட்டுப் படியேறவும் இல்லை. தெருவில் நின்று பார்த்தால் அது தெரியாது. ஜன்னலுக்கு வெளியே எட்டிக் கீழே பார்த்தால்தான் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வைரம் தலையைத் தூக்கினார். எதிர்வாசலில் அத்தை நின்றாள். முப்பத்து நாலு வருஷத்தில் முதல்தரம் அவளை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். பன்னெண்டு வயசுலயிருந்து தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்கலையே” என்றாள் அத்தை.

அத்தைக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. வேண்டும் இந்த ஆளுக்கு என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவர் எழுந்து நடமாடவில்லை என்றே சொல்லலாம். செங்கல் வைத்து அடைத்தது வேறு ஆட்கள். கடையை மூடினார். மக்குத் துண்டுகளை ஒரு தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்ப்பார். பொருந்தாது. சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. அத்தை ஊட்டினால் வாயைத் திறப்பார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நான் போய் எட்டிப் பார்ப்பேன். பாசத்தில் இல்லை, அத்தை தனியாகக் கஷ்டப்படுகிறாள் என்று சும்மா சொல்லிக்கொண்டேன். அவர் அழிவதைப் பார்க்கத்தான் போனேன்.

கடைசி மாதத்தில் ஒருநாள் அவர் கையில் ஒரு முழு மக்குத் துண்டு இருந்தது. பச்சைப் பெயின்ட், நடுவில் அழகாக ஒரு கட்டை விரல். அதில் தன் விரலைப் பொருத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

அத்தை என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். “என் ரூம் ஜன்னல்ல இருந்ததுன்னு குடுத்தேன். எடுத்து வச்சிருந்தேன்னு சொன்னேன்.”

“நிஜமாவா அத்தே?”

“இல்ல. நானே பிசைஞ்சேன். நானே விரலை வச்சேன். அடுப்புப் பக்கத்துல மூணு வாரம் காய வச்சுப் பெயின்ட் அடிச்சேன்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “பாவம், எதையாவது பிடிச்சுக்கிட்டுப் போகட்டுமே. என் கையைத்தான் பிடிச்சிருக்காரு. அவருக்குத் தெரியாது. போகட்டும்.”

போகட்டும் என்று சொன்னவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நாலு நாள் கழித்து அத்தை குளிக்கப் போன நேரம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் திறந்து அந்தத் துண்டை என் மூக்கருகில் நீட்டினார்.

“மோந்து பாரு.”

ஆளிவிதை எண்ணெய் வாசனை அடித்தது.

“இது புது மக்கு” என்றார். “அம்பது வருஷம் பிசைஞ்சவனுக்குத் தெரியாதா?”

துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார்.

“பாரு, குறுக்கே ஒரு கோடு. அது அவ வெட்டு. அந்தப் பெரிய கண்ணாடியில பட்டது. தினமும் டீ வைக்கற கை. எனக்குத் தெரியாதா?” மூச்சு வாங்கினார். “அவ கைன்னு தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். நான் சொன்னா நம்ப மாட்டா. நான் சொன்ன எதை நம்பி அவ உருப்பட்டா? நீ சொல்லு அவகிட்ட.”

“சரி மாமா” என்றேன். அந்த ஒரே ஒரு நாள் அதுதான். வாய் தவறி வந்ததா, மனசோடு வந்ததா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் போய்விட்டார். அந்தத் துண்டு அவர் கைக்குள்ளேயே இருந்தது. நான் சொல்லவில்லை.

முதல் வாரம் சமயம் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் சமயம் வரத்தான் செய்தது. தினமும் வந்தது. “என்னை ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா?” என்று அத்தை கேட்கும்போதெல்லாம் நாக்கு நுனி வரை வரும். உடனே நடுத்தெருவில் அவள் நின்றது ஞாபகம் வரும். இருமல் மருந்து அட்டைக்குப் பின்னால், பகலில் விளக்குப் போட்ட அறையில், தங்கை வருவாளா என்று அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே போனது ஞாபகம் வரும். நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் ஞாபகம் இருக்கிறது. இருபத்திரண்டு எட்டு நடக்காதவளுக்கு நான் ஏன் ஒரு வார்த்தை நடந்து போய்க் கொடுக்க வேண்டும்? கொஞ்சம் தவிக்கட்டுமே என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இப்படி ஒரு வருஷம்.

போன வாரம் அத்தை கேள்வியைக் கேட்கவில்லை. டீயை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நானாகக் கேட்டேன். “என்ன அத்தே, இன்னைக்கு ஒண்ணும் கேட்கலை?”

“விட்டுட்டேன். யாரைக் கேட்க? தெரிஞ்சவர் போயாச்சு” என்றாள். கட்டை விரலை மறு கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் விட்டுவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசனை, குறுக்குக் கோடு, தினமும் டீ வைக்கற கை, நீ சொல்லு அவகிட்ட. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அத்தை தன் விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தழும்பை மறு கையால் மெல்லத் தடவினாள்.

“தெரியுமாமா அவருக்கு” என்றாள். சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. “தெரிஞ்சவர் அன்னைக்கே ஒரு துணி கிழிச்சுக் குடுத்திருக்கலாம்.”

அந்த முகத்தில் ஒரு பெண் இருபது வயதில் பூரித்தது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அது மெல்ல மாறியது. என் பக்கம் திரும்பினாள்.

“எப்போ சொன்னாரு இதை உங்கிட்ட?”

“போறதுக்கு முதல் நாள்.”

“ஒரு வருஷம் ஆச்சே.”

“ஆமா.”

“நான் கேட்கக் கேட்க, தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து டீ குடிச்சியா?”

“ஆமா அத்தே. அப்பா சாகறப்போ நீங்க வரலை. அதான்.”

அத்தை என்னையே பார்த்தாள். கிறுக்கலான மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“உங்கம்மா மூக்கு. உங்கப்பா நெத்தி” என்றாள். “இது மட்டும் யார்கிட்டயிருந்து வந்துச்சு உனக்கு?”

அவள் அந்தப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் இருந்த பிரம்பு நாற்காலியைக் காட்டினாள். அவர் போனதிலிருந்து யாரும் உட்காராத நாற்காலி.

“அதுல உக்காரு. உனக்குச் சரியா இருக்கும்.”

உட்கார்ந்தேன். எதிரே என் வீட்டில் செங்கல் வைத்து அடைத்த பத்தொன்பது ஜன்னல்களும் தெரிந்தன. அத்தை எனக்கு இன்னொரு டீ போட உள்ளே போனாள்.